பலகை துடைத்து முடிப்பதற்குள்

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவளுக்கென்று பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பிரிவைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதில்லை. எல்லாருக்கும் அவள் மாற்றம்மா. நாற்காலியை மாற்றினாலும் சரி, நாலு பேருடைய வேலையை மாற்றினாலும் சரி, அவள் கை வழியாகத்தான் போக வேண்டும். அவள் வராந்தாவில் நடந்து வந்தாலே, "மாற்றம்மா வர்றாங்க, இன்னிக்கு யார் சீட்டுக்கு வேட்டோ" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழும். விழுந்தால் என்ன, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. அவள் வருவதற்கு முன் அங்கே ஒருவர் காலையில் வந்தால் தன் மேசை தன் இடத்தில் இருக்குமா என்று தெரியாது. யாரோ மேலே முடிவு செய்வார்கள், யாரோ கீழே அழுவார்கள். அவள்தான் இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தாள். என்ன மாறப்போகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். யாரைப் பாதிக்கும் என்று எழுத வேண்டும். சரிப்பட்டு வராவிட்டால் பழையபடி திரும்ப வழி என்ன என்றும் எழுத வேண்டும். அப்புறம் கூட்டம். பாதிக்கப்படுகிறவர் எழுந்து ஆட்சேபணை சொன்னால் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். எல்லாருக்கும் மேலே இருக்கிற மேலாளர், அவரைப் பெரியவர் என்பார்கள், அவர்கூட அதை மீற முடியாது.

ஆனால் ஆட்சேபணையை வாயால்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எழுதியும் கொடுக்கலாம் என்றுதான் வைத்திருந்தாள். வந்து குவிந்ததெல்லாம் மொட்டைக் கடிதம். கேன்டீன் நாற்காலியை மாற்றுவதற்கு அவளுடைய நடையைப் பற்றியும் உடையைப் பற்றியும் எழுதினார்கள், வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! அன்றோடு காகிதத்துக்கு முழுக்குப் போட்டாள். முகத்தைக் காட்டி, குரலைக் காட்டிச் சொல், இல்லாவிட்டால் சும்மா இரு. நியாயமாகத்தானே இருக்கிறது? எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

கூட்டத்தில் ஒரு வழக்கமும் வைத்திருந்தாள். கூட்ட அறைச் சுவரில் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு வெள்ளைப் பலகை. வரப்போகும் மாற்றத்தை அதில் எழுதுவாள். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டு, டஸ்டரை எடுத்து இடது ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டே போவாள். டஸ்டர் வலது ஓரத்தைத் தொடுவதற்குள் வாய் திறக்க வேண்டும். பலகை வெளுத்துவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. பெரும்பாலும் யாரும் மூச்சு விடமாட்டார்கள். டஸ்டர் தேய்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

அதே கம்பெனியில்தான் அவளுடைய அக்காவும் வேலை பார்த்தாள், மணி அறையில். கம்பெனி பராமரிக்கிற ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அமுக்கினால், மணி அறையில் அக்காவின் காதில் அடிக்கும். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்பாள். "கதவைத் தொடாதீங்க. ஆள் வந்துட்டிருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் பேசிட்டே இருக்கேன்." அவ்வளவுதான், உள்ளே அழுதுகொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். சிலர் முதலில் கன்னாபின்னாவென்று கத்துவார்கள். அவர்கள் கத்தி ஓயும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசமாட்டாள். அது அவள் தொழில் கற்றுக்கொடுத்தது.

வீட்டிலும் அவள் அப்படியே. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட, அக்காதான் தங்கையை வளர்த்தாள், படிக்க வைத்தாள், இன்றைக்கும் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே "பாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். ஜன்னல் இருக்கிற அறை எனக்கு என்று தங்கை சொன்னபோது அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் பேசி வந்தவர்கள் தங்கையை எங்காவது விடுதியில் சேர்த்துவிடலாமே என்றபோதும் அக்கா அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து பாத்திரம் கழுவினாள். "ஏன்க்கா?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா, நீ சாப்பிட்டியா?" என்பாள். எதைக் கேட்டாலும் அவளிடம் அந்த ஒரே பதில்தான்.

மணி அறையை மூடுவதற்கான மாற்றம் பெரியவரிடமிருந்து வந்தது. இனி மணிக்கு மெஷின் பதில் சொல்லும். ஆனால் குரல் மனுஷக் குரலாக இருக்க வேண்டும். "உங்க அக்கா குரலைத் தவிர வேற எதை வைக்கிறது? ஊரே அதைக் கேட்டுத்தானே அடங்குது" என்றார் பெரியவர். அக்கா சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து கொடுத்தால் போதும். மெஷின் அவற்றிலிருந்து மற்றதைத் தானே கற்றுக்கொள்ளும். அக்காவுக்கு உதிரிபாகக் கிடங்கில் வேலை, பகல் நேரம் மட்டும். மாற்றம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷம் காதில் மணி அடித்து அடித்து அக்காவுக்குத் தலைவலி வராத நாள் இல்லை. இனிமேலாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று உண்மையாகவே நினைத்தாள். இவ்வளவு பெரிய மாற்றத்தை நடத்திக் காட்டினால் தனக்கும் நல்ல பெயர் என்று நினைத்ததும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவசரத்தில் ஒரு காரியம் செய்தாள். திரும்பும் வழி என்று ஒரு பகுதி எழுத வேண்டுமே, அதற்குப் பழைய மாற்றம் ஒன்றுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள். அது கேன்டீன் நாற்காலி மாற்றம். பழையவை கிடங்கில் பத்திரமாக உள்ளன, தேவைப்பட்டால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. யாரும் படிக்கவில்லை. அந்தப் பகுதியை எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் யார் படித்திருக்கிறார்கள்?

கூட்டத்தில் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை டஸ்டரை எடுத்தாள். துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். அக்காவின் உதடு பிரிந்தது. ஏதோ சொல்ல வந்தவள், இவள் முகத்தைப் பார்த்து மறுபடி மூடிக்கொண்டாள். அன்றைக்கு டஸ்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் போயிற்று.

பதிவு செய்ய வந்தவரைக் குரல்காரர் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். மணி அறையிலேயே சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, நடுவில் ஒரு மைக்கை வைத்து, அக்காவை உட்காரவைத்தார். பயப்படாதீங்க. நான் இருக்கேன். கதவைத் தொடாதீங்க. முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மாடிக் கணக்கும் சொல்லவைத்தார். "என்ன குரல் மேடம்! அப்படியே எடுத்து உள்ள வச்சுட்டேன்" என்று மாற்றம்மாவிடம் பூரித்துப்போனார். மறுவாரமே மணி அறைச் சுவரை இடித்து, ஒயரெல்லாம் பிடுங்கி, இடத்தைப் பக்கத்துப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மெஷின் பேச ஆரம்பித்த மறுநாள் காலை, குளியலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்து மாற்றம்மா அலறினாள். ஊரையே ஆட்டிவைக்கிறவளுக்குக் கரப்பான் பூச்சி என்றால் நடுக்கம். அக்கா செருப்போடு ஓடி வந்தாள். வந்து, வாயைத் திறந்து, அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"ப…" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அது வரல பாப்பா. உன்கிட்ட எப்பவும் சொல்வேனே, அந்த வார்த்தை. நாக்கு நுனியில கூட இல்ல."

"எந்த வார்த்தை? 'பயப்படாத'ங்கறதா?"

"அதான்" என்று சிரித்தாள் அக்கா. தங்கையும் சிரித்தாள். வயசாகுதுல்ல என்று கேலி வேறு செய்தாள்.

அப்புறம் 'கதவு' போயிற்று. "அந்தத் திறந்து மூடுறதைச் சாத்திட்டு வா" என்றாள் அக்கா. பிறகு 'நான்' போயிற்று. நான் என்று சொல்ல முடியாமல், நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள். போகிற வார்த்தையெல்லாம் மைக்கின் முன்னால் பேசிய வார்த்தை என்று மாற்றம்மாவுக்கு உறைத்தது. ஆனால் அதோடும் நிற்கவில்லை. மெஷின் கற்றுக்கொண்டே போயிற்று. அது எங்கோ ஒரு லிஃப்டில் புதிதாக ஒரு வார்த்தை பேசினால், இங்கே அடுப்படியில் அக்காவின் வாயிலிருந்து அந்த வார்த்தை காணாமல் போயிற்று. டாக்டரிடம் ஓடினார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சின்னப் பிள்ளைத் தொண்டை மாதிரி இருக்கிறது, ஓய்வு எடுக்கட்டும் என்றார்.

கம்பெனியில் கொண்டாட்டம். ஒரு புகார் இல்லை. மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஒரு முதியவர் நன்றி சொல்ல நேரிலேயே வந்துவிட்டார். "எவ்வளவு அன்பாப் பேசுறாங்க அந்தப் பொண்ணு! சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. முழங்கால் வலிக்குதுன்னேன், கீழ உக்காந்துக்கோங்கன்னு சொன்னாங்க" என்றார். குரல்காரர் நெற்றியைச் சுருக்கினார். "சாப்பிட்டீங்களான்னு நாம ஏத்தவே இல்லையே மேடம்" என்றார். ஏற்றாததைப் பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டது என்று பெரியவர் அவர் தோளில் தட்டினார். மாற்றம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அக்கா சாப்பாட்டுத் தட்டை அவள் முன் நகர்த்திவிட்டுச் சும்மா நின்றாள். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

கடைசியில் அக்காவிடம் 'பாப்பா' ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பசித்தாலும் பாப்பா, கோபம் வந்தாலும் பாப்பா. அதை வைத்தே இருவரும் காலத்தை ஓட்டினார்கள்.

ஒரு நாள் மதியம் ஆபீஸ் லிஃப்டில் மாற்றம்மா மட்டும் போய்க்கொண்டிருந்தாள். லிஃப்ட் நிற்கவில்லை, அவள் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. பொத்தானுக்கு மேலே இருந்த சின்னக் கம்பி வலையிலிருந்து, காதருகே சொல்வது போல, "பாப்பா" என்று கேட்டது.

அவள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டாள். கிடங்குக்கு ஓடினாள். அக்கா போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மாற்றம்மா அந்த இடத்திலேயே, கிடங்குக்காரர்கள் பார்க்கப் பார்க்க, அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நல்லவேளை, ஒழுங்கில் இன்னொரு படி பாக்கி இருந்தது. மாற்றம் நடந்து கொஞ்ச நாள் கழித்து மறுபார்வைக் கூட்டம் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் அங்கேயும் ஆட்சேபணை சொல்லலாம். சொன்னால் திரும்பும் வழியை எடுத்தாக வேண்டும். அக்கா ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள். பெரியவர் அதைக் கையால் தொடவில்லை.

"எழுத்துல வாங்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா கொண்டுவந்தீங்க" என்றார் மாற்றம்மாவிடம்.

"சார், அவளால பேச முடியல. அதுதான் சார் ஆட்சேபணையே."

"டாக்டர் தொண்டை நல்லா இருக்குன்னு சொல்லிட்டாராமே. நான் குறுக்க நிக்கல. அவங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த நிமிஷமே நிறுத்துறேன். நடத்துங்க."

மாற்றம்மா டஸ்டரை எடுத்தாள். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டாள், தன் சொந்த அக்காவைப் பார்த்து. அக்கா எழுந்தாள். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. டஸ்டர் பாதிப் பலகை வரை போய் நின்றுவிட்டது. மாற்றம்மாவின் கை அதற்கு மேல் நகரவில்லை. பெரியவர் எழுந்து வந்தார். கோபமெல்லாம் இல்லை, ரொம்பப் பதமாகத்தான் டஸ்டரை அவள் கையிலிருந்து வாங்கினார். மீதிப் பலகையை அவரே துடைத்து முடித்தார்.

அப்புறம் திரும்பும் வழி என்ன இருக்கிறது பார்ப்போம் என்று மரியாதைக்குப் படித்துப் பார்த்தார். "பழையவை கிடங்கில் பத்திரமாக உள்ளன" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, கடைசி வரிசையில் நின்ற அக்காவைப் பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். சாபம் கொடுத்திருந்தால்கூட மாற்றம்மாவுக்கு அப்படி வலித்திருக்காது.

அவள் நேரே லிஃப்டுக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றது அக்காவின் குரல்.

"அக்கா, நான்தான். அங்க இருந்து வந்துடுக்கா. எனக்கு வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. கூட்டத்துக்கு உன்னை ஸ்பீக்கர்ல போடுறேன். சொல்லு போதும்."

வலைக்குள் மூச்சு விடுவது போல் ஒரு சத்தம். மெஷினுக்கு ஏது மூச்சு?

"எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா" என்றது. "நீ சாப்பிட்டியா?"

அட பாவி அக்கா! உள்ளே போயும் அதே பேச்சு. மாற்றம்மா கம்பி வலையைக் கையால் அடித்தாள். அவளுடைய ஆத்திரம் அக்கா மீதா, தன் மீதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வழி ஒன்று தானாகத் தெரிந்தது. மறுநாள் காலை, வானம் கறுத்து வரும்போது, "மாடி! மாடி!" என்று ஒரு குரல். மாற்றம்மா அறையிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தாள். அக்கா ஜன்னலருகே நின்று, மேலே கையைக் காட்டி, "மாடி! மாடி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் துணி காய்கிறது, மழை வரப்போகிறது. துணியாவது மண்ணாவது! குரல்காரருக்குப் போன் போட்டாள். "மாடிக் கணக்கை எடுத்துட்டோம் மேடம், நேத்து சாயந்தரம். லிஃப்ட் வாய் ஓயாமப் பேசுதுன்னு குடியிருக்கிறவங்க சொன்னாங்க. வெறும் டிங்குன்னு ஒரு சத்தம் வச்சாச்சு" என்றார் அவர். மெஷினிலிருந்து எடுத்த வார்த்தை அக்காவிடம் திரும்பிவிட்டது. அக்கா அதை வைத்துக்கொண்டு அன்று முழுக்கக் குழந்தை மாதிரி மாடி மாடி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, எல்லா வார்த்தையையும் எடுக்க வேண்டும். ஆனால் மாட்டிக்கொண்ட மனுஷனிடம் டிங் என்று சத்தம் போட்டுவிட்டு இருக்க முடியுமா? மணி அறை இடிந்துபோயிற்று, ஒயர் போயிற்று. வேறொரு குரல் வைத்தால்தான் இந்தக் குரலை எடுக்க விடுவார் பெரியவர். வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். இனிமையான குரல், எதற்கும் மறுத்துப் பேசாத சுபாவம். டஸ்டர் ஓரத்தைத் தொடும்வரை அவள் வாயே திறக்கமாட்டாள். மாற்றம்மா வரவேற்பு மேசைவரை போனாள். அந்தப் பெண் எழுந்து நின்று, "சொல்லுங்க மேடம்" என்றாள். வெள்ளந்தியான முகம். மாற்றம்மா, "ஒண்ணும் இல்லம்மா, உக்காரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

புதிய மாற்றத்தில், பாதிக்கப்படுகிறவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள். கம்பெனியில் பாதிப் பேருக்கு அன்றுதான் அவள் பெயர் தெரிந்தது.

கூட்டத்தில் பெரியவர் டஸ்டரை எடுத்தார். "உங்களுக்கே வர்ற மாற்றம்மா இது. ஆட்சேபணை உண்டா?" என்று அவளைக் கேட்டார். சொல்ல அவளிடம் எவ்வளவு இருந்தது! எனக்கு உயிர் பதறுகிறது, நான் பேசிப் பிழைக்கிறவள், வேறு ஏதாவது வழி பாருங்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மேசையைத் தட்டினாள். மாடி, மாடி, மாடி என்று தன்னிடம் இருந்த ஒரே வார்த்தையை வைத்துக் கதறினாள். பெரியவர் துடைப்பதை நிறுத்தினார்.

"பாதிக்கப்படுறது நீங்க இல்லையேம்மா" என்றார் மெதுவாக. "அவங்க சொல்லணும்."

எல்லாரும் மாற்றம்மாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். பலகை வெளுத்தது.

பதிவுக்கு முன் வீட்டில் அவள் பேசித் தீர்த்தாள். தேநீர் ஆறிப்போகும்வரை பேசினாள். "அந்த ஜன்னல் ரூம் வேணுமான்னு உன்ன நான் கேக்கவே இல்லக்கா. எனக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்தவங்களை நீ அனுப்புனப்ப உள்ள எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நீ பேசாம இருந்தா உனக்குச் சரின்னு எடுத்துக்கிட்டே வளந்துட்டேன். அதையே ஆபீஸ்லயும் சட்டமாக்கிட்டேன்." அக்கா அவள் வாயைப் பொத்தினாள். இவள் கையை விலக்கிவிட்டு மறுபடி பேசினாள்.

"அப்படியே உங்க அக்கா குரல்தான் மேடம்" என்றார் குரல்காரர் பதிவை முடித்துவிட்டு. "என்ன, கொஞ்சம் அவசரம் மட்டும் ஜாஸ்தி."

பழைய குரலை எடுத்துப் புதியதை வைத்த மதியம், கிடங்கில் அக்காவின் கையிலிருந்து ஒரு டப்பா விழுந்து போல்ட்டெல்லாம் சிதறியது. "ஐயோ!" என்றாள் அக்கா. கிடங்கே திரும்பிப் பார்த்தது. அவள் போல்ட்டை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஓடினாள். மாற்றம்மாவின் அறைக் கதவை உடைப்பது போலத் திறந்தாள்.

"யார்டி உன்ன கேட்டா? ஆங்? என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்று கத்தினாள். வாழ்நாளில் அவள் தங்கையிடம் அப்படிக் கத்தியதே இல்லை. மாற்றம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ப…" என்றாள். அடுத்தது வரவில்லை.

வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. 'அக்கா'தான் கடைசியாகப் போயிற்று. இப்போது மாற்றம்மா கூட்டத்தில் சும்மா நின்று பலகையில் எழுதுவாள், துடைப்பாள். கேள்வியைப் பெரியவர் கேட்டுக்கொள்வார். யாரும் ஆட்சேபிப்பதில்லை. அவளைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வதும் நின்றுவிட்டது.

ஒரு நாள் வேலை முடிந்து இருவரும் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா திடீரென்று சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றது தங்கையின் குரல், கொஞ்சம் அவசரமாக.

"நான்தான்டி, அக்கா. உண்மையச் சொல்லு. உனக்கு இதுல சம்மதமா?"

பக்கத்தில் நின்ற மாற்றம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அக்கா கவலைப்படக் கூடாதே என்று முகமெல்லாம் சிரிப்பை வேறு வைத்துக்கொண்டாள்.



"இல்லக்கா" என்றது கம்பி வலை. "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இங்க கதவே இல்ல."

மாற்றம்மாவின் தலையாட்டல் நின்றுவிட்டது. லிஃப்ட் கீழே வந்து, டிங் என்று சத்தம் போட்டுக் கதவைத் திறந்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே வரப் பார்த்தார்கள். அக்கா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள். ஒரு கையால் தங்கையை இறுக்கி அணைத்துக்கொண்டு, வலையில் வாயை ஒட்டவைத்தாள்.

"பயப்படாத பாப்பா. நான் இருக்கேன். ஆள் வர்ற வரைக்கும் நான் பேசிட்டே இருக்கேன்" என்றாள்.